சிலையின் உயரமும் சிற்பியின் பெயரும்

ரமேஷ் மாரியோ நித்தியேந்திரனின் சிற்பப் படங்களை நம்ம ஆட்களிடம் காட்டினால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "நம்ம தமிழன்பா, ஆஸ்திரேலியாவுல கலக்குறான்." இன்னொன்று, "ச்சீ, என்னா இது? சாமிய இப்படியா செய்வாங்க?" முதல் பதிலைச் சொல்பவர் பெயரைப் பார்க்கிறார். இரண்டாவது பதிலைச் சொல்பவர் சிலையின் இடுப்புக்குக் கீழே பார்க்கிறார். சிலையை யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு. அது நாம்தான், இலக்கியம் வாசிக்கிற கூட்டம். நம்மிடம் எந்தப் பதிலும் இல்லை. நாவலின் கதைசொல்லல் பற்றி மூன்று மணி நேரம் பேசுவோம். ஒரு சிற்பத்தின் முன்னால் நிறுத்தினால் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு போன் எடுத்துப் படம் பிடிப்போம். இந்தக் கட்டுரை இந்த மூன்று பேரோடும் சண்டை போட எழுதப்படுகிறது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். ரமேஷ் 1988-ல் இலங்கையில் பிறந்தவர். 1989-ல், ஒரு வயதுக் குழந்தையாக, போருக்குத் தப்பிய குடும்பத்தோடு சிட்னி போனவர். வளர்ந்தது சிட்னியின் மேற்குப் புறநகரில். கல்லூரியில் அவர் படித்தது ஓவியமும் கோட்டோவியமும். மண்ணுக்கு வந்தது அதற்குப் பிறகு. 2015-ல் சிட்னி மையர் நிதியத்தின் ஆஸ்திரேலிய செராமிக் விருது அவருக்குக் கிடைத்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு கான்பெராவில் தேசியக் கலைக்கூடம், மெல்பர்னில் பல்கலைக்கழக அருங்காட்சியகம். 2020-ல் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தின் நுழைவாயிலில் சுமார் 70 உருவங்களைக் கோபுரங்களாக அடுக்கி நிறுத்தினார். 2023-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பெரிய கண்காட்சி. தன்னைக் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று சொல்லிக்கொள்கிறார். ஆனால் அவர் செய்வதெல்லாம் சாமி மாதிரியான உருவங்கள். பல தலை, பல கை, பிதுங்கிய கண், துருத்திய பல், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத உடல். மேலே கொட்டி வழிந்த மாதிரி இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம், தங்கம்.

இதில் எனக்கு முக்கியமாகப்படுவது விருதுகள் இல்லை. ஓவியம் படித்த ஒருவர் ஏன் மண்ணுக்குப் போனார், போனதால் என்ன ஆனது என்பதுதான் கேள்வி. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு அந்தக் கேள்வியில் ஒரு பங்கு இருக்கிறது.

தலையில களிமண்ணா?

நான் படித்தது இயந்திரப் பொறியியல், உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில். செனாவாங் தொழிற்பேட்டையில் உலைகளோடு வேலை. உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்துவதுதான் தினசரிப் பிழைப்பு. அதனால் ரமேஷின் சிற்பங்களைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி கலை பற்றியது இல்லை. இது எப்படி உலையில் வெடிக்காமல் வந்தது என்பதுதான்.

"சின்னப் பிள்ளை பிசைஞ்சு வச்ச மாதிரி இருக்கு, இதுல என்ன திறமை?" என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் உலைக் கணக்கு சொல்கிறேன்.

ஈர மண்ணில் தண்ணீர் இருக்கிறது. மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால், 100 பாகை தாண்டும்போது அது நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் சிலையை உடைத்துவிடும். அதனால் உருவம் உள்ளே கூடாக இருக்க வேண்டும், காற்றுப் போக ஓட்டை வேண்டும், காய வைக்க நாள் கணக்கில், பெரிய சிலைக்கு வாரக் கணக்கில், பொறுமை வேண்டும். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். பல மண் வகைகள் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். 50 செண்டிமீட்டர் கை செய்தால் கடைசியில் 45 செண்டிமீட்டர் கைதான் கிடைக்கும். சுமார் 573 பாகையில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் விரிசல்.

பானைக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. பானை வட்டம், சுவர் ஒரே கனம், அதனால் இழுவிசை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். மனித உருவம் அப்படி இல்லை. தடித்த உடம்பில் மெல்லிய கையை ஒட்டினால் கை முதலில் காயும், உடம்பு பிறகு காயும், ஒட்டிய இடத்தில் கீறல் விழும். சூடு ஏறும்போது மண் லேசாக இளகும். நீட்டிய கை தொங்கிப்போகும். மெல்லிய கால் உடம்பின் பாரம் தாங்காமல் மடங்கும். அய்யனார் கோவில் மண்குதிரையின் கால்களைப் பாருங்கள். குதிரைக்கால் மாதிரியா இருக்கிறது? நான்கு தூண்கள். உள்ளே கூடான, அடுக்கு அடுக்காக எழுப்பிய தூண்கள். அதை "நாட்டுப்புறத்தனம்" என்று எழுதுகிற விமர்சகருக்குச் சொல்கிறேன்: அது கட்டுமானம். ஆளுயரத்துக்கு மேல் குதிரையை மண்ணில் நிற்க வைக்க அதைவிட நல்ல கால் கிடையாது.

இப்போது ஓவியரை இங்கே கொண்டு வாருங்கள். ஓவியத்தில் நீலம் வைத்தால் நீலம். பிடிக்கவில்லையா, மேலே இன்னொரு வண்ணம் பூசலாம். செராமிக்கில் கோபால்ட் கலந்த மெருகு பூசும்போது கண்ணுக்குத் தெரிவது வேறு நிறம், உலையிலிருந்து வெளியே வரும்போதுதான் அது நீலம். செம்பு கலந்தால் காற்றோட்டமுள்ள உலையில் பச்சை, காற்றைக் குறைத்தால் சிவப்பு. வழியும், குமிழியிடும், ஒன்றோடொன்று கலக்கும். கதவை மூடிய பிறகு கலைஞர் கை எங்கேயும் எட்டாது. ஓவியத்திலிருந்து மண்ணுக்குப் போவது என்றால், திருத்தும் உரிமையின் பாதியை நெருப்பிடம் எழுதிக் கொடுப்பது. ரமேஷின் உருவங்கள் மேலே அலங்கோலமாகத் தெரிகின்றன. நிற்கின்றன பாருங்கள், அதுவே சொல்லும் உள்ளே எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று.

ஆனால் நம் மொழியில் மண்ணுக்கு என்ன மரியாதை? "தலையில என்ன களிமண்ணா?" என்று வாத்தியார் கேட்பார். ஓவியம் என்றால் கலை, மண் என்றால் கைத்தொழில். இந்தப் படிநிலை எங்கிருந்து வந்தது என்று தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். மண்ணைத் தொட்டவர்கள் குயவர்கள். அவர்களை எந்தச் சமூகப் படியில் நிறுத்தினோமோ அதே படியில் அவர்களுடைய கலையையும் நிறுத்தினோம். சாதியின் பெயரைச் சொல்லாமல் சாதியைக் காப்பாற்ற "கைவினை" என்ற சொல் வசதியாக இருக்கிறது.

மதுரை, சிவகங்கைப் பக்கம் வேளார்கள் குதிரை செய்கிறவர்கள் மட்டும் இல்லை, பல அய்யனார் கோவில்களில் பூசாரிகளும் அவர்களே. ஊர்க்காரர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுத்தால்தான் வேலை தொடங்கும். அதற்குப் பெயர் பிடிமண். பிறகு புரவி எடுப்பு, ஊர்வலம். கோவிலில் கொண்டுபோய் வைத்த பிறகு குதிரை வெயிலிலும் மழையிலும் நின்று சிதையும். யாரும் வருத்தப்படுவதில்லை, ஏனென்றால் அடுத்த எடுப்புக்கு அதே கைகள் புதுசு செய்யும். இது கைத்தொழில் என்றால் எது கலை? புதுச்சேரியின் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய வேலையைப் பற்றி ஓர் இலக்கிய இதழில் பத்துப் பக்கக் கட்டுரை படித்திருக்கிறீர்களா? நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஓவியத்திலிருந்து சிற்பத்துக்குப் போவதும் தமிழுக்குப் புதுசு இல்லை. எஸ். தனபால் ஓவியராகத் தொடங்கியவர். சிற்பத்துக்கு வந்தார், பெரியாரை நேரில் உட்கார வைத்து உருவம் செய்தார், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். தன் வாழ்க்கையை 'ஒரு சிற்பியின் சுயசரிதை' என்று எழுதியும் வைத்தார். தமிழிலேயே, எல்லோருக்கும் புரிகிற மாதிரி. நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

காலண்டர் முகம்

"சாமிய இப்படியா செய்வாங்க" என்கிறவர்களுக்கு இப்போது வருகிறேன்.

எப்படிச் செய்ய வேண்டும்? அவர்கள் மனசில் ஒரு முகம் இருக்கிறது. ரோஜா நிறக் கன்னம், சினிமா நடிகை மாதிரிக் கண், உதட்டில் சின்னச் சிரிப்பு, பின்னால் ஒளிவட்டம். அந்த முகம் ஆகமத்தில் இருந்து வரவில்லை. காலண்டரில் இருந்து வந்தது. ரவிவர்மா 1894-ல் அச்சகம் தொடங்கி எண்ணெய் வண்ணச் சாமிகளை வீடு வீடாக அனுப்பினார். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்தது சிவகாசியில் அச்சாகிக் கப்பல் ஏறி வந்தது. சிரம்பான், பகாவ், போர்ட்டிக்சன் மளிகைக் கடைகள் தீபாவளிக்குக் கொடுத்த காலண்டர்கள் லயத்து வீட்டுப் பலகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டப்பட்டன. தேதி முடிந்த பிறகும் சாமியைக் கழற்றவில்லை. கொண்டையராஜு பெரிய கலைஞர், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. என் குறை, ஒரு நூற்றாண்டு வயசுள்ள ஓர் ஓவிய பாணியை நாம் அனாதி காலத்துச் சாமி முகம் என்று நம்பியதில்தான்.

இங்கே ஒரு தலைகீழ் நடந்திருக்கிறது, கவனியுங்கள். ரமேஷ் ஓவியத்திலிருந்து சிற்பத்துக்குப் போனபோது ஓவியத்தின் வண்ணத்தை எடுத்துப் போனார், ஓவியத்தின் அழகு முகத்தை விட்டுவிட்டார். நாமோ சிற்பம் செய்யும்போதே ஓவியத்தைப் பார்த்துச் செய்கிறோம். நம் கோவில்களில் இன்று எழும் சிமெண்டு உருவங்களில் பாதி, முப்பரிமாணக் காலண்டர்கள்.

நம் வீட்டிலேயே இதற்கு எதிர்சாட்சி இருக்கிறது. எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் மஞ்சளைக் குழைத்துப் பிடித்து அறுகம்புல் செருகி வைக்கிறோம். அதுதான் பிள்ளையார். தும்பிக்கை இல்லை, காது இல்லை, தொந்தி இல்லை. ஐந்து விரல் பதிந்த தடம் மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்து எந்த ஆத்தாவும் "இது பிள்ளையார் மாதிரியே இல்லையே" என்று கேட்டதில்லை. சிவலிங்கத்தை வணங்குகிற நாம்தான் ரமேஷின் உருவங்களில் ஆண்குறி இருப்பதைக் கண்டு கண்ணை மூடுகிறோம். அவர் லிங்க வழிபாட்டையும் இணையத்து ஆபாசத்தையும் தன்னுடைய உடலையும் ஒரே மண்ணில் குழைக்கிறார். அது நம்மைச் சங்கடப்படுத்துகிறதா? படுத்தட்டும். சங்கடப்படுவதும் பார்ப்பதன் ஒரு பகுதிதான். முகம் சுளித்து நகர்ந்துபோவதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று நாம் தோல்விக்குப் பெயர் வைத்திருக்கிறோம். அந்தக் குரங்கை எடுத்து யாராவது ஒழுங்காகப் பார்த்தார்களா என்பதுதான் என் சந்தேகம். ரமேஷ் பார்த்தார்.

தோட்டத்துச் சாமிகள்

இதெல்லாம் சிட்னியில் நடக்கிற கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் முதலில்.

நெகிரி செம்பிலானின் இந்த மண்ணில் நட்டு வைத்த கல்லைக் கும்பிடுவது நாம் கொண்டுவந்த பழக்கம் மட்டும் இல்லை. லிங்கி பக்கம் பெங்காலான் கெம்பாஸில் வாள் மாதிரி, சுக்கான் மாதிரி, கரண்டி மாதிரி செதுக்கிய பெரிய கற்கள் நிற்கின்றன. மாநிலம் முழுக்க இப்படியான நடுகற்களை மலாய்க்காரர்கள் 'பத்து ஹிடுப்', உயிருள்ள கல், என்று சொல்வார்கள். வளர்கிற கல் என்று நம்பிக்கை. அதே நிலத்தில் பால்மரம் வெட்ட வந்த நம் ஆட்களும் முதலில் ஒரு கல்லைத்தான் நட்டார்கள். பக்கத்தில் சூலம். பிறகு கூரை. பிறகு, கையில் கொஞ்சம் காசும் நேரமும் வந்தபோது, உருவம். முனியாண்டி, மதுரை வீரன், காளியம்மா, நாகம்மா.

அந்த முதல் உருவங்களைச் செய்தவர்கள் ஸ்தபதிகள் இல்லை. தோட்டத்துக் கொத்தனார், லோரி டிரைவர், படம் வரையத் தெரிந்த ஒரு பையன், யாரோ ஒருவர். செங்கல்லை அடுக்கி, மண்ணையும் சுண்ணாம்பையும் அப்பி, மிச்சம் இருந்த இனாமல் பெயிண்டைப் பூசி நிறுத்தினார்கள். ரந்தாவுக்கும் லிங்கிக்கும் நடுவே, எங்கள் பாட்டி பால் வெட்டிய தோட்டத்தில் ஒரு முனீஸ்வரர் இருந்தார். வலது கை இடது கையைவிட நீளம். மீசை காதுவரை. கண் வெள்ளை பிதுங்கி, ராத்திரி அந்தப் பக்கம் போகச் சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள். கும்பாபிஷேகம் வந்தது. கமிட்டி கூடியது. "இது சாஸ்திரப்படி இல்ல, பார்க்கவும் அசிங்கமா இருக்கு, தமிழ்நாட்டுல ஆர்டர் குடுத்துருவோம்" என்றார்கள். புதுச் சிலை வந்தது, காலண்டர் முகத்தோடு. பழைய முனீஸ்வரரை உடைத்து ஆற்றில் விட்டார்கள். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. செய்தவர் யாரென்று கேட்டேன். "அந்தக் காலத்துல யாரோ ஒரு ஆளு" என்பதுதான் பதில்.

ரமேஷின் உருவங்களைப் பார்க்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அருங்காட்சியகம் இல்லை, அந்த முனீஸ்வரர். பிதுங்கிய கண், சமமில்லாத கை, வழிந்த பெயிண்டு. ஒருவர் படித்து, யோசித்து, தேர்ந்தெடுத்து அந்த இடத்துக்குப் போனார். இன்னொருவர் கையில் இருந்ததை வைத்து அங்கே போனார். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றை உலகம் கலைக்கூட வாசலில் வைக்கிறது, இன்னொன்றை நாமே ஆற்றில் போடுகிறோம்.

இங்கே ஒருத்தர் என்னை மடக்கலாம். "அய்யனார் குதிரை சிதையலாம், புதுசு வரலாம்னு நீயே சொன்ன. இப்ப முனீஸ்வரர மாத்துனா மட்டும் ஏன் குதிக்கிற?" நியாயமான கேள்வி. பதில் இதுதான். வேளார் ஊரில் சிலை போகிறது, கை இருக்கிறது. பழைய குதிரை மண்ணாகும்போது புதுக் குதிரையைச் செய்கிறவர் பழையதைச் செய்தவரின் மகனோ பேரனோ. எங்கள் தோட்டத்தில் சிலையோடு கையும் போய்விட்டது. புதுச் சிலை இறக்குமதி. இனி தோட்டத்தில் யாரும் உருவம் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. சிலை அழிந்ததற்காக நான் அழவில்லை. செய்யும் பழக்கம் அழிந்ததற்காகத்தான் கத்துகிறேன்.

அரசியல் காரணமும் இருக்கிறது. 1966-ல் கோலாலம்பூரில் தேசிய நினைவுச் சின்னம் ஏழு வெண்கல மனித உருவங்களோடு எழுந்தது. செய்தவர் வெளிநாட்டுச் சிற்பி, ஃபீலிக்ஸ் டி வெல்டன். 1971-ல் தேசியக் கலாச்சாரக் கொள்கை வந்த பிறகு, மனித உருவச் சிற்பம் இந்த நாட்டு நவீனக் கலையில் ஓரத்துக்குப் போனது. பொது இடத்தில் உருவத்தைத் தைரியமாக, தொடர்ந்து செய்துவந்த இடங்கள் சீனக் கோவில்களும் நம் கோவில்களும்தான். அதாவது தோட்டத்துக் கோவில், தன்னை அறியாமலேயே, மலேசியாவின் உருவச் சிற்பக் கூடமாக இருந்தது. நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் தோட்டங்கள் வீடமைப்பு ஆனபோது கோவில் இடிபடுகிறது என்று சரியாகவே போராடினோம். நிலத்துக்காகப் போராடினோம், பூசைக்காகப் போராடினோம். உள்ளே இருந்த உருவங்களுக்காக யாரும் ஒரு வரி எழுதவில்லை.

140 அடி

பெருமைக்காரர்களிடம் கடைசியாக வருகிறேன். பத்துமலை முருகன் எத்தனை அடி? எல்லோரும் சொல்லிவிடுவீர்கள், 140. மீட்டரில் 42.7. 2006 ஜனவரியில் திறப்பு. 25 லட்சம் ரிங்கிட், 250 டன் இரும்புக் கம்பி, 300 லிட்டர் தங்க வண்ணம். சுற்றுலா வழிகாட்டி முதல் பள்ளிப் புதிர்ப்போட்டி வரை இந்த எண்கள் மனப்பாடம். சிற்பியின் பெயர்?

திருவாரூர் தியாகராஜன். அதே சிற்பிதான் 2022-ல் சேலம் மாவட்டத்தில் பத்துமலையைவிட உயரமான 146 அடி முத்துமலை முருகனையும் எழுப்பினார். அந்தப் பெயரைப் பத்துப் பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. தங்க வண்ணத்தின் லிட்டர் கணக்கு மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது.

இதுதான் நம் கலை ரசனை. உயரம் தெரியும், செலவு தெரியும், செய்த ஆள் தெரியாது. இதே கண்ணை வைத்துக்கொண்டுதான் ரமேஷைத் "தமிழன்" என்று தோளில் தூக்குகிறோம். ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் சான்றிதழ் கொடுத்த பிறகு தூக்குவது சுலபம். அவர் ரந்தாவில் பிறந்து, செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்து, பல் துருத்திய நான்கு தலை உருவம் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தால், நாம் முதலில் கேட்டிருப்போம்: "தம்பி, இத பண்ணி என்னா செய்யப் போற? எஸ்.பி.எம்.ல எத்தன ஏ?"

ரமேஷின் மேல் எனக்கும் கேள்விகள் உண்டு, மறைக்கவில்லை. பிதுங்கிய கண்ணும் இளிப்பும் கண்காட்சிக்குக் கண்காட்சி திரும்பி வருகின்றன. ஒரு கட்டத்தில் அது அவருடைய முத்திரையா, இல்லை அவரே உருவாக்கிய காலண்டரா என்று சந்தேகம் வருகிறது. வெள்ளைச் சுவர்க் கலைக்கூடத்தில், பாதுகாப்பான வெளிச்சத்தில், கிழக்கத்திய பூதகணங்களைப் பார்த்து ரசிக்கிற மேற்கத்தியப் பார்வையாளருக்கு அவை என்ன சவால் விடுகின்றன என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அவை வணங்கப்படுவதில்லை, மழையில் நனைவதில்லை, சிதைவதில்லை. முனீஸ்வரருக்கு இருந்த ஆபத்து அவற்றுக்கு இல்லை. ஆனால் இந்தக் கேள்விகளைக் கேட்கும் தகுதி, சிலையை உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் வரும். "நம்ம ஆளு" என்று தோளில் தூக்குகிறவருக்கும் "ச்சீ" என்று சொல்லி நகர்கிறவருக்கும் வராது.

"அங்கே அரசாங்கம் காசு குடுக்குது, இங்கே யாரு குடுப்பா?" என்று கேட்பார்கள். உண்மைதான். மானியம், காட்சிக்கூடம், கலைக் கல்லூரி எதிலும் அங்கும் இங்கும் ஒப்பிட முடியாது. ஆனால் காசே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தோட்டத்துக் கோவில் கும்பாபிஷேகத்துக்கு எவ்வளவு வசூல் ஆகிறது என்று கமிட்டி கணக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சூளை தெரியாத நாடும் இல்லை இது. ஜொகூர் மாச்சாப்பில் சீனக் குயவர் குடும்பத்தின் பழைய டிராகன் சூளை இருக்கிறது. பேராக்கில் மலாய்க்காரர்களின் லாபு சாயோங் இருக்கிறது. கோலசிலாங்கூர் பக்கம் தமிழ்க் குயவர்கள் பொங்கல் பானை செய்கிறார்கள். ஒவ்வொரு தை மாதமும் பத்திரிகைக்காரர்கள் போய்ப் படம் எடுத்துவிட்டு, "அழிந்துவரும் தொழில்" என்று தலைப்புப் போட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களிடம் யாராவது ஒரு உருவம் கேட்டிருக்கிறோமா? பானை மட்டும்தான் கேட்கிறோம், அதுவும் பேரம் பேசி.

நம் எழுத்தாளர்களிடமும் கேட்கிறேன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, இந்த நாட்டில் ராமாயணத்தை வரைந்தவர் சையத் தாஜுதீன். ஜொகூர் பாருவில் பிறந்த ஜே. அனுரேந்திர ஜெகதேவா இங்கத்திய இந்தியர்களின் வாழ்க்கையைத் திரும்பத் திரும்ப வரைந்தவர். அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்கலாம். தமிழில்? புத்தக வெளியீட்டுக்கு அட்டைப்படம் தேவைப்படும்போது மட்டும் நமக்கு ஓவியர் ஞாபகம் வருகிறார். அதுவும் நட்புக்காக, இலவசமாக.

அதனால் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. கோவிலில் பழைய உருவத்தை மாற்றத்தான் வேண்டும் என்றால், மாற்றுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் படம் எடுங்கள், உயரம் அளந்து எழுதுங்கள், செய்தது யார் என்று கிழவர்களிடம் கேளுங்கள். தோட்டத்தில் பால் வெட்டிய தலைமுறையில் இன்னும் பேசக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். புதுச் சிலைக்கு உபயதாரர் பெயரைப் பளிங்கில் பொறிக்கிறோம், விசிறி வாங்கிக் கொடுத்தவர் பெயரை விசிறியின் மேலேயே எழுதுகிறோம். அந்தப் பலகையில் சிற்பியின் பெயருக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். தமிழ்ப்பள்ளி ஓவியப் போட்டியில் வண்ணப் பென்சிலோடு ஒரு வருஷம் களிமண்ணையும் வையுங்கள். இதழ் நடத்துகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு சிற்பத்தைப் பற்றியாவது, உயரத்தைச் சொல்லாமல், ஒரு கட்டுரை போடுங்கள்.

இதில் ஒன்றுக்கும் ஆஸ்திரேலிய மானியம் தேவையில்லை. அடுத்த மாதம் உங்கள் பக்கத்துக் கோவிலில் ஆண்டுக்கூட்டம் நடக்கும். கணக்கு வாசித்து முடித்த பிறகு "வேறு ஏதாவது விஷயம்?" என்று தலைவர் கேட்பார். அப்போது எழுந்து, உள்ளே இருக்கிற அந்தப் பழைய உருவத்தைச் செய்தது யார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.